பதினாலாம் மேஜையின் மழை அணி

உட்காருங்க தம்பி. நீங்க நின்னுக்கிட்டுப் பார்த்தாலும் உட்கார்ந்துக்கிட்டுப் பார்த்தாலும் அந்தக் கடிகாரம் ஒரே வேகத்துலதான் ஓடும். எதிர் நாற்காலி காலியாத்தான் இருக்கு, எனக்கும் கண்ணு தெரியுது. சுத்து ஆரம்பிச்சு ஒரு நிமிஷம்தான் ஆச்சு. பத்து நிமிஷம்னுதானே உங்க சட்டத்துல போட்டிருக்கு? அப்ப இன்னும் ஒன்பது இருக்கு. ஒன்பது நிமிஷத்துல நான் ரெண்டு தடவை மழை பெய்ய வெச்சு, ஓயவும் வெச்சிருவேன்.

தெரியும், தெரியும், காலையில ஒலிபெருக்கியில மூணு தடவை சொன்னாங்க. ஒன்பது நிமிஷத்துல ஆள் வரலைன்னா நான் ஜெயிச்சதா எழுதிக்குவீங்க. நானும் நாலுல மூணு ஜெயிச்சிருக்கேன், வர வேண்டியவங்களும் நாலுல மூணு. இது கடைசிச் சுத்து. ஜெயிச்சவங்க கடைசி எட்டுப் பேர்ல ஒருத்தரா நிக்கலாம். தோத்தவங்க வீட்டுக்குப் போய் உருளைக்கிழங்கு வேக வைக்கலாம். எல்லாம் சரிதான் தம்பி, ஆனா காலி நாற்காலியை ஜெயிச்சுட்டேன்னு எழுதிக்கிறதுக்கா நான் படகு ஏறி வந்தேன்? அந்த வெற்றி எனக்கு வேண்டாம். அவங்க வந்து இங்க உட்காரணும், அவ்வளவுதான் எனக்கு வேணும்.

ஓஸ்முண்ட்தானே உங்க பேரு? நெஞ்சுல குத்தியிருக்கீங்களே. நடுவர்னு அச்சடிச்ச அந்தச் சட்டை உங்களுக்கு ஒரு அளவு பெருசு, சொன்னாக் கோவிச்சுக்காதீங்க. வளர்ந்துக்குவீங்கன்னு வாங்கிக் கொடுத்தாங்களா?

சிரிச்சிட்டீங்க. நல்லது. காலையில என் அணிச் சீட்டை வாங்கிப் பார்த்தப்பவும் சிரிச்சீங்க, அதை நான் மறக்கல. பேர்கன் ஊர்க் கிழவன் மழை அணியோட வந்திருக்காரு, வெளியில கொட்டுறது போதாதான்னு பக்கத்துல இருந்தவர்கிட்ட முணுமுணுத்தீங்க. நாப்பது வருஷம் படகுத்துறையில சங்குச் சத்தத்துக்குக் கீழ நின்ன காதுதான் இது. இருந்தாலும் என்னைப் பத்திப் பேசினா மட்டும் தெளிவாக் கேட்கும்.

ஓ, நீங்க சீட்டாட்டப் பக்கத்து நடுவரா? ஆள் பத்தலைன்னு இங்க அனுப்பிட்டாங்களா? அதான் பார்த்தேன். அப்ப மழை அணின்னா என்னன்னே உங்களுக்குத் தெரியாது. தெரியாமலே சிரிச்சிருக்கீங்க. சரி, நேரம் இருக்கு, சொல்றேன். கடிகாரத்தை அப்படித் திருப்பி வெச்சுட்டுக் கேளுங்க.

இந்தக் கையடக்க மெஷின் திரைக்குள்ள நமக்கு ஆறு ஜந்து. அதுல நாலை ஒரு ஆட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கணும், ரெண்டு ரெண்டாக் களத்துல இறங்கும். சும்மா இறங்கினா அதது பலத்துக்கு அடிக்கும், வாங்கும். ஆனா சில ஜந்து இறங்கின உடனே வானத்தையே மாத்திரும். இதோ இந்தத் தவளை, இது காலை வெச்சா மழை. அஞ்சு முறை ஆடி முடியற வரைக்கும் ஓயாது. மழை பெய்யறப்ப தண்ணியால அடிக்கிற அடி ஒண்ணுக்கு ஒன்றரையா விழும், நெருப்பு அடி பாதியாச் சுருங்கும். இந்த விலாங்கு இருக்கே, வெயில்ல இதைவிடச் சோம்பேறி கிடையாது, மழை விழுந்தா ரெண்டு மடங்கு வேகம். இந்தக் குண்டு நத்தைக்கு நனைய நனையக் காயம் ஆறும். ஆக, ஆறும் தனித்தனியாப் பெரிய வீரன் கிடையாது தம்பி. ஒரு வானத்துக்குக் கீழ வந்தாத்தான் ஒண்ணுக்கொண்ணு உதவும். பலசாலி ஆறு பேரைச் சேர்த்தா அது கூட்டம். ஒருத்தர் கொண்டு வர்றதுல மத்த அஞ்சு பேரும் பிழைச்சாத்தான் அது அணி. இதை எனக்கு யாரும் சொல்லித் தரல. நானே தோத்துத் தோத்துக் கண்டுபிடிச்சேன், அதனால கொஞ்சம் பெருமையாத்தான் சொல்லிக்குவேன்.

தவளை பேரா? குன்வோர். படகுத்துறையில எனக்கு மேலதிகாரி. அந்தம்மா ஒரு கோடைச் சுற்றுலாவுக்கு ஏற்பாடு பண்ணினா அன்னைக்கு மழை நிச்சயம். பதினேழு வருஷத்துல ஒரு தடவை கூடத் தப்பல. பேர் வெச்சதை அவங்ககிட்டயே சொன்னேன், உருவமும் ஒத்துப்போகுதான்னு கேட்டாங்க. நான் உடனே பேச்சை மாத்திட்டேன், இன்னும் ஒரு நாள் கூட வாழணும்னு ஆசை இருந்துச்சு.

எத்தனை நிமிஷம்? ஆறா? பரவாயில்ல, தாராளமா இருக்கு.

என் முட்டாள்தனத்தைக் கேளுங்க, சிரிக்கிறதாயிருந்தா இதுக்குச் சிரிங்க. எதிராளியும் ஒரு வெயில் ஜந்தைக் கொண்டு வந்தா என்ன ஆகும்? ரெண்டும் ஒரே நேரத்துல இறங்கும். வேகமானது முதல்ல தன் வானத்தை விரிக்கும், மெதுவானது பின்னால வந்து அதை அழிச்சுட்டுத் தன் வானத்தை விரிக்கும். கடைசியா விரிச்சதுதான் நிக்கும். ஆக, மழை கொண்டு வர்ற தவளை எவ்வளவு மந்தமா இருக்கோ அவ்வளவு நல்லது. இது பத்து வயசுப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். எனக்குத் தெரியாது. ஆட்டம்னா வேகம்தானேன்னு ரெண்டு மாசம் ராவும் பகலுமா அந்தத் தவளைக்கு ஓட்டப்பயிற்சி கொடுத்தேன். முதல் போட்டி, ஸ்தவாங்கர்ல. என் தவளை பாய்ஞ்சு போய் முதல்ல மழையை விரிச்சுது. எதிர்ல ஒரு கிழட்டு ஆமை ஆடி அசைஞ்சு வந்து, ஒரு மூச்சு விட்டு, மொத்தத்தையும் வெயிலாக்கிட்டு உட்கார்ந்துருச்சு. என் விலாங்கு காய்ஞ்சு கருவாடாப் போச்சு. எதிர்ல ஆடினவர் ஒரு பல் டாக்டர். ஆட்டம் முடிஞ்சு கை கொடுத்துட்டு ரொம்ப மரியாதையாக் கேட்டாரு, ஐயா, உங்க தவளைக்கு வீட்டுல ஏதாவது அவசர வேலையான்னு.

திரும்பவும் முதல்லேருந்து வளர்த்தேன். ஏற்கெனவே ஓடக் கத்துக்கிட்டதை மந்தமாக்க முடியாது. பொறக்கும்போதே மந்தமாப் பொறக்கணும். அதுக்கு முட்டை பொரிக்கணும். அதை அப்புறம் சொல்றேன்.

ஏன் ஊர் ஊராப் போறேன்னா கேக்குறீங்க? ரிட்டயர் ஆன மனுஷன் வேற என்ன பண்ணுவான்? மீன் பிடிக்கலாம்தான். மீன் எனக்குக் கை கொடுக்காதே. இங்க ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னாடி எதிராளி நம்ம முகத்தைப் பார்த்துக் கை கொடுத்துத்தான் ஆகணும், சட்டம். அப்புறம் நாப்பது நிமிஷம் எதிர் எதிரே உட்காரணும், எழுந்து போக முடியாது. இந்தக் காலத்துல நாப்பது நிமிஷம் ஒருத்தரை எதிர்ல உட்கார வைக்கிறது லேசுப்பட்ட காரியமா, நீங்களே சொல்லுங்க.

நீங்க விவரமான ஆளு. சீட்டாட்டக்காரர் இல்லையா, கையில என்ன வெச்சிருக்கேன்னு மோந்துட்டீங்க. ஆமா, ஒரு குறிப்பிட்ட ஆளை உட்கார வைக்கணும்னுதான். ஆமா, இந்த நாற்காலிக்கு வர வேண்டியவங்கதான்.

ஆனா ஜோடி போடுறது நம்ம கையிலயா இருக்கு? உங்க சீட்டாட்டத்துலயும் இதே கணக்குத்தானே, ஒரே அளவு ஜெயிச்சவங்களுக்குள்ளதான் மோத விடுவாங்க. அவங்க நல்லா ஆடுறவங்க. முதல் சுத்துலயே ஜெயிச்சு மேல போயிடுவாங்க. நான் ஓட்டப்பந்தயத் தவளையோட கீழயே கிடப்பேன். கூடத்தோட அந்தக் கோடியில அவங்க, இந்தக் கோடியில நான். நடுவுல வாஃபிள் விக்கிற மேஜை. அப்பத்தான் புரிஞ்சுது, அவங்க எதிர்ல உட்காரணும்னா அவங்க அளவுக்கு ஜெயிச்சாகணும். அதுக்காகத்தான் இந்த மழை, இந்த விலாங்கு, இந்த நத்தை எல்லாம். கப்பு வாங்கணும்னு எந்தக் காலத்துலயும் நினைச்சதில்ல.

இப்பக் காதைப் பொத்திக்குங்க, நடுவர் காதுல விழக் கூடாது. ஹவ்கசுண்ட் போட்டியில அவங்க ரெண்டாம் சுத்துல தோத்துட்டாங்க, நான் ஜெயிச்சுக்கிட்டு இருக்கேன். ஒரு ஆட்டம் தோத்தா சேர்ந்துக்கலாம். சரி, தோப்போம்னு உட்கார்ந்தேன். தவளையை இறக்கவே இல்ல. விலாங்கை வெயில்ல விட்டேன். நத்தையை இடிக்கு நேரா நிறுத்தினேன். எதிர்ல ஆடின மனுஷன் இதுல ஏதோ பெரிய சூழ்ச்சி இருக்குன்னு பயந்து, தன் ஜந்துக்களை மாத்தி மாத்திக் கூப்பிட்டு, கடைசியில தன் அடியைத் தானே வாங்கித் தோத்துப் போனாரு. எழுந்து கை கொடுத்துட்டு, இந்த மாதிரி ஒரு மூளையை நான் பார்த்ததே இல்லைன்னாரு. என் வாழ்க்கையில ஒரு தடவை தோக்கணும்னு ஆசைப்பட்டேன், அன்னைக்குத்தான் மேதாவி ஆனேன். அன்னைக்கும் அவங்க ஒரு கோடி, நான் ஒரு கோடி.

பதினொரு போட்டி தம்பி. இன்னைக்குத்தான், நாலு சுத்து முடிஞ்சு, ஜோடிப் பட்டியலைச் சுவத்துல ஒட்டினப்ப என் நம்பருக்கு நேரா அந்த நம்பர். பதினாலாம் மேஜை. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுத் திரும்பவும் பார்த்தேன். உங்ககிட்ட வந்து பதினாலு எங்கன்னு கேட்டேனே, எதிர்லதான் இருந்துச்சு, எனக்குத் தெரியல.

மூணு நிமிஷமா? சரி. சரி.

ஒலிபெருக்கியில கூப்பிட வேண்டாம். வேண்டாம் தம்பி, சொன்னாக் கேளுங்க. வழி தெரியாம எங்கயோ சுத்திக்கிட்டு இருக்காங்கன்னு நினைக்கிறீங்க. இல்ல. அதோ, காபி அண்டா பக்கத்துல, மஞ்சள் மழைக்கோட்டு, நமக்கு முதுகைக் காட்டிக்கிட்டு. திரும்பிப் பார்க்காதீங்க! நடுவர்னா கொஞ்சம் நாசூக்கு வேண்டாமா? பட்டியல் ஒட்டின நிமிஷத்துலேருந்து அங்கதான் நிக்கிறாங்க. அதே கோப்பையைக் கையில வெச்சுக்கிட்டு. அது எப்பவோ ஆறிப் போயிருக்கும்.

போய்ப் பேசலாமேங்குறீங்க. நான் எழுந்து ரெண்டு அடி வெச்சா அந்தக் கோட்டு வாசலுக்குப் போயிடும், வாசல்லேருந்து பஸ்ஸுக்கு. அவங்க வீட்டு வாசல்லயே மூணு தடவை நின்னு பார்த்தவன் நான். உள்ள விளக்கு எரியும், கதவு திறக்காது. மூணாவது தடவை கீழ்வீட்டுக்காரர் இரக்கப்பட்டு எனக்கு ஒரு நாற்காலி கொண்டு வந்து போட்டாரு. அதைவிடத் திறக்காத கதவே தேவலை.

அந்த முட்டைக் கதையைச் சொல்றேன்னேன்ல. மந்தமான தவளை ஒண்ணு வேணும்னா முட்டை பொரிக்கணும். முட்டை பொரியணும்னா திரையில இருக்கற ஆளை நடக்க வைக்கணும், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும், விரலால, பொத்தானை அழுத்தி அழுத்தி. ஒரு முட்டை பொரியும். தவளை வரும், ஆனா வேகமான தவளை. அதை விட்டுட்டு அடுத்தது. எனக்கு நம்ம குன்வோர் கிடைச்சது இருநூத்திப் பதினாலாவது முட்டையில. கட்டைவிரல் வீங்கிப் போச்சு. அன்னைக்குச் சமையலறையில உட்கார்ந்து அந்தத் தவளையைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது டோர்டிஸ் என்ன வேலை பண்ணியிருக்கான்னு.

டோர்டிஸ் என் சம்சாரம். அவ போனது நாலு வருஷத்துக்கு முன்னாடி, பிப்ரவரியில. அந்தக் கடைசிக் குளிர்காலம் பூரா ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு, கையில ஊசிக் குழாயோட, முட்டை பொரிச்சா. நானும் பக்கத்துலதான் உட்கார்ந்திருப்பேன், பேப்பர் படிச்சுக்கிட்டு. என்னடி பண்றேன்னு கேட்டா, நடக்கிறேன், உன்னைவிட அதிகமா நடக்கிறேன்னு சொல்லுவா. ஒரு நாள் சிரிச்சுக்கிட்டே கத்தினா, மந்தமான தவளை கிடைச்சிருச்சுன்னு. நர்ஸெல்லாம் ஓடி வந்தாங்க. முந்நூத்திச் சொச்சம் முட்டைன்னு சொன்னா. நான் அப்படியான்னு சொல்லிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

அவ கையில இருந்தது ஒரு பழைய மெஷின். அதுக்குள்ளதான் அந்தத் தவளை இருந்துச்சு, வேற எங்கயும் கிடையாது. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வசந்தத்துல, பள்ளிக்கூட வாத்தியக்குழுவுக்காகப் பழம்பொருள் சந்தை போட்டாங்க. வருஷா வருஷம் வீடு வீடா வந்து கேப்பாங்களே, உங்க ஊர்லயும் உண்டுதானே. மாடியில இருந்த பெட்டியெல்லாம் தூக்கிக் கொடுத்துட்டேன். திறந்து கூடப் பார்க்கல. நல்ல மனசுக்காரன்னு எனக்கு ஒரு வாஃபிள் வேற கொடுத்தாங்க. வாங்கித் தின்னேன்.

அந்தத் தவளை யாருக்காகப் பொரிச்சதோ அவங்க வந்து அழுதாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? பொம்மைதானே, புதுசா வாங்கித் தர்றேன், இதுக்குப் போய் அழுவாங்களான்னேன். இந்த வாயாலதான் சொன்னேன். அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் ரெண்டு மாசமா இந்த வாய்க்குப் பதில் கிடையாது. மெஷினைத் தேடினேன். சந்தையில யார் எதை வாங்கினாங்கன்னு யாருக்குத் தெரியும்? கிடைக்கல. கிடைக்கவும் போறதில்ல.

ஒரு நிமிஷமா? சரி, பேனாவைக் கொடுங்க.

இல்ல, நீங்க எழுதாதீங்க. நீங்க எழுதினா வரலைன்னு எழுதுவீங்க, வெற்றி எனக்கு வந்துரும், அவ எட்டுப் பேர்ல இருக்க மாட்டா. போன வருஷமும் ஒரு ஆட்டத்துலதான் தவறவிட்டா, தெரியுமா? என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கலைங்கறதுக்காக அவ ஆட்டத்தை நான் தின்னுட்டுப் போகணுமா? ஏற்கெனவே ஒரு தடவை தின்னாச்சு. நேரம் முடியறதுக்கு முன்னாடி நான் விலகிக்கிட்டா வெற்றி அவளுக்குத்தானே? சட்டப்படி சரிதானே? யாரும் கேள்வி கேக்க முடியாதுல்ல? எங்க போடணும், இங்கயா?

ஹல்வார் ஷெல்விக். விலகிக்கொள்கிறேன். தேதி வேணுமா? போட்டாச்சு.

எதிர்க் கட்டத்துல அவ கையெழுத்துப் போடணும். சுன்னிவா ஷெல்விக். ஆமா, கடைசிப் பேரு ஒண்ணுதான். இந்த வட்டாரத்துல அந்தப் பேர்ல எங்க வீடு மட்டும்தான் தம்பி, நான் காலையிலேருந்து நீங்க எப்பக் கேப்பீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். சீட்டைப் பார்த்துச் சிரிக்கத் தெரிஞ்சுது, பேரைப் பார்க்கத் தெரியல.

அட, நீங்க ஏன் மூஞ்சியை அப்படி வெச்சுக்கறீங்க? நடுவர் அழக் கூடாது, சட்டத்துல இருக்கும், தேடிப் பாருங்க. நான் அந்தப் பக்கக் கதவு வழியாப் போறேன். நான் வெளியில போனதைப் பார்த்துட்டு அவகிட்ட போங்க. காபி ஆறிப் போச்சுன்னு சொல்லி வேற ஒண்ணு ஊத்திக் கொடுங்க, சக்கரை கிடையாது, பால் கொஞ்சம். அப்பா விலகிட்டாருன்னு சொல்லாதீங்க. எதிராளி விலகிட்டாருன்னு மட்டும் சொல்லுங்க, அப்பத்தான் கையெழுத்துப் போடுவா.